பதினொன்றரை மணிக் கூட்டம்

“மூணு மாசம். அதுக்கு மேல நீங்க தாங்க மாட்டீங்க” என்றார் செல்வின் சார்.

விருதுநகரில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற குடிமீட்பு மையம் அது. அவர் அங்கே தலைமை ஆலோசகர். என் சான்றிதழ்களை மேசை விளிம்புக்கு இணையாக அடுக்கி வைத்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னார்.

“ஏன் சார்?” என்றேன்.

“வீட்டுல முதல்ல படிச்ச புள்ளைன்னு போட்டிருக்கீங்க. அப்படி வர்றவங்களுக்கு மேசை நாற்காலி உள்ள வேலைதான் வேணும். இங்க பஸ்ஸும் வாந்தியும்தான்.”

ஐந்து வருடம் இருந்தேன். வெளியே வந்தது தாங்க முடியாமல் அல்ல. ஏன் வந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். வேலை அனுபவத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு இருபத்தொன்பது. ஆனால் அந்த வேலை எனக்கு முடிந்துவிட்டது. முடித்தவர்கள் எழுதலாம் என்றால் நானும் எழுதலாம். என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய பெண் போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, கூட்டப் பட்டியல்ல ஒண்ணு மட்டும் பகல் பதினொன்றரைன்னு இருக்கு. அச்சுல தப்பா விழுந்துருச்சா?” தப்பாக விழவில்லை. அதை அங்கே ஏற்றி, அழியாமல் பார்த்துக்கொள்வதில்தான் என் ஐந்து வருடமும் போனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா குடிக்க மாட்டார். இந்த வேலைக்கு வருகிற பெண்ணின் வீட்டில் ஒரு குடிகாரர் இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இல்லை என்றால் ஏமாற்றம்கூட அடைகிறார்கள். அப்பா லாரிக்கு லோடு ஏற்றினார், அம்மா, எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலையில் லேபிள் ஒட்டினார். இருவரும் கையெழுத்துப் போடத் தெரியாமல் என்னைச் சமூகப்பணி படிக்க வைத்தார்கள். வேலை இருந்தது, விண்ணப்பித்தேன், கிடைத்தது. இதற்கு மேல் ஒரு சோகக் கதை வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

பயிற்சி மூன்று வாரம். குடியை நிறுத்திய உடம்பு முதல் நான்கு நாள் என்ன பாடு படும், எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும், எப்போது கட்டிலை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் செல்வின் சாரின் நோட்டுப் புத்தகம் கற்றுக்கொடுத்தது.

அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு. இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘கேட்டது’. நோயாளியைப் பற்றி நாம் எழுதுகிற ஒவ்வொரு வரியும் இரண்டில் ஒன்றில் இருக்க வேண்டும். இடம் மாறினால் நோட்டு திரும்பி வரும்.

“காலையில நாலு இட்லி சாப்பிட்டார்னு எழுதியிருக்கீங்க. பார்த்தீங்களா?”

“அவுக வீட்டம்மா சொன்னாங்க சார்.”

“அப்ப அந்தப் பக்கம்.”

அவ்வளவுதான். திட்ட மாட்டார். பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டு நோட்டை நம் பக்கம் திருப்பி வைப்பார். அந்த அம்புக்குறிக்குப் பயந்தே நான் கட்டில் பக்கத்தில் நின்று இட்லி எண்ணியிருக்கிறேன்.

இருபத்தொரு நாள் முடிந்து ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது செய்ய வேண்டியதற்கும் ஒரு முறை உண்டு. அவரையும் வீட்டிலிருந்து வந்தவரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். மாத்திரைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். அவற்றை எப்போது சாப்பிட வேண்டும் என்று அவரையே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். மறுபடி வர வேண்டிய தேதியை எழுதித் தர வேண்டும். கடைசியாகக் கூட்டப் பட்டியல். குடியை விட்டவர்கள் தாங்களாகவே வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ ஓர் அறையில் கூடுவார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, முழுப் பெயரும் கேட்க மாட்டார்கள். மையத்தில் நாங்கள் நிறுத்தி வைக்கும் குடியை, வெளியே தாங்கிப் பிடிப்பது அந்தக் கூட்டம்தான். மாவட்டத்தில் ஒன்பது இடங்கள் என்று ஒரு தாள் இருந்தது. நகல் எடுத்து நகல் எடுத்து எழுத்துகள் தடித்துப் போன தாள். முதல் ஆறு மாதம் அதை மடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பார்த்ததா கேட்டதா என்று அந்தத் தாளைப் பற்றி நானும் கேட்கவில்லை, செல்வின் சாரும் கேட்கவில்லை.

தங்கப்பாண்டி அண்ணன் வந்தது அப்போதுதான். இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. “எழுதுங்க தாயி, பேரை மட்டும் மாத்திப்புடுங்க” என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஊர். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடிமருந்தைச் சலித்து, சேர்த்து, கையால் கலக்குகிற வேலை. அதற்கென்று நான்கு பக்கமும் கதவு வைத்த தனி அறை இருக்கும். மருந்து கலக்குகிறவர்களை உடம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அலுமினியப் பவுடர் நகக்கண்ணிலும் காது மடிப்பிலும் ஏறி வெள்ளியாய் மினுங்கும்; சோப்புக்குப் போகாது.

நான்காம் நாள், நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும், அவர் கையை நீட்டி எனக்குக் காட்டினார்.

“இந்தக் கை நடுங்குச்சுன்னா என் கை மட்டும் போகாது தாயி. பக்கத்து ரூம்புல பொம்பளைக உக்காந்து வெடிக் குழாய்க்குள்ள மருந்து செலுத்துறாக. அதுல ஒருத்தி என் பொண்டாட்டி.”

அவருக்கு இதில் என்ன பணயம் என்பதை அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இருபத்தொரு நாள் இருந்தார். போகும்போது பட்டியலைக் கொடுத்து, ஒரு வரிக்குக் கீழே நானே கோடு போட்டேன்: சிவகாசி, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு அறை, செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் போனார். வியாழக்கிழமை அவர் மனைவி முத்துலட்சுமி அக்கா மையத்துக்கு வந்து, அந்தத் தாளை என் மேசையில் வைத்தார்.

“இந்தாங்க ஒங்க பேப்பரு.”

“என்னக்கா ஆச்சு?”

“கூட்டம் இருக்குன்னு சொன்னீகள்ல? பூட்டு இருக்குன்னு சொல்லலையே? வாச்சுமேன் சொல்றாரு, அந்தக் கூட்டம் நின்னு ரெண்டு வருசம் ஆச்சாம். இவரு இருந்தாலும் இருக்கும்னு ஏழரை வரைக்கும் பூட்டுன கேட்டுப் பக்கத்துலயே நின்னுருக்காரு. எதுத்தாப்புல பிராந்திக் கடை. கடையில பூட்டு இல்ல.”

“அக்கா, அந்த லிஸ்ட் நான் வர்றதுக்கு முன்னாடியே…”

“யாரு எழுதுனா எனக்கென்ன? குடுத்த கை ஒங்க கைதான? இருவத்தஞ்சு நாளு வாயில வைக்காத மனுசன். போய் நின்னது நீங்க காட்டுன வாசல்ல.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்று மாலையே செல்வின் சாரிடம் போனேன். பட்டியலில் உள்ள ஒன்பது இடங்களையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

“நம்ம வேலை வார்டுக்குள்ள. கூட்டம் அவங்களா நடத்துறது. அதுல நாம தலையிடக் கூடாது.”

“தலையிடல சார். இருக்கான்னு பார்க்கப் போறேன். இந்தத் தாள் எந்தப் பக்கம் சார்? பார்த்ததா, கேட்டதா?”

அவர் தாளை எடுத்து மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.  “வேலை நேரத்துல முடியாது” என்றார். அது சம்மதம் என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் மாலை பஸ்களில் போனேன். ஓரிடத்தில் கூட்டம் நடந்ததாக எழுதியிருந்த மாடியில் இப்போது பரோட்டாக் கடை. ஓரிடத்தில் கூட்டம் நடந்தது. ஆனால் அது வேறு கூட்டம், பெண்கள் சுயஉதவிக் குழு. ஒரு தொலைபேசி எண்ணில் எடுத்தவர், “கூட்டமா? எந்தக் கட்சிம்மா?” என்று கேட்டார். ஒரு கிராமத்தில் கூட்டத்தை நடத்தியவரையே மதுக்கடை வாசலில் கண்டேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “நாளைக்கு வாங்க, நாளைக்கு இருக்கும்” என்று கை கூப்பினார். அவரைப் பார்த்துக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

தெருவில் வழி கேட்டால் வருகிற பதிலுக்குக் குறைவே இல்லை. சாத்தூரில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன்.

“குடிகாரவுக கூடுற எடமா? கடைப்பக்கம் போங்க தாயி, தெனம் கூட்டந்தான்.”

“குடிய விட்டவுக கூடுற எடம்ணே.”

“வீட்டுக்காரருக்கா?”

“எனக்குக் கல்யாணமே ஆகல.”

“அப்ப எதுக்கு இம்புட்டு அவசரம்? ஆன பெறகு தேடலாம்ல?”

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “பின்னாடி சந்து, பச்சைக் கதவு, புதங்கெழமை ஏழு மணி” என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது.

பச்சைக் கதவுக்குப் பின்னால் பத்துப் பதினோரு பேர் இருந்தார்கள். வாசலில் நின்றவரை எல்லோரும் பிரஸ் அண்ணாச்சி என்றார்கள். சிவகாசி அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டுகிற இயந்திரத்தில் வேலை. பதினோரு வருடமாகக் குடிப்பதில்லை.

“நீங்க குடிப்பீகளா?” என்று கேட்டார்.

“இல்லைங்க.”

“அப்ப உள்ள எடம் இல்ல. கோவிச்சுக்கிறாதீக. மாசக் கடைசிக் கூட்டத்துக்கு எல்லாரும் வரலாம், அன்னைக்கு வாங்க.”

குடிக்காத காரணத்துக்காக ஓர் இடத்தில் கதவை அடைத்தது என் வாழ்க்கையில் அன்றுதான். கோபித்துக்கொண்டேன். ஆனால் போகவில்லை. கூட்டம் முடிந்து அவர்கள் வெளியே வருகிறவரை எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணினேன், பதினொரு பேர். ‘பார்த்தது’ பக்கத்தில் எழுதினேன்.

ஒன்பதில் மூன்று உயிரோடு இருந்தன. புதிய பட்டியலில் மூன்றே வரிகள். “என்னம்மா, இம்புட்டுத்தானா?” என்று நோயாளிகளின் வீட்டார் கேட்டார்கள். “இம்புட்டுத்தான். ஆனா போனா கதவு தெறந்திருக்கும்” என்றேன்.

தங்கப்பாண்டி அண்ணனை மறுபடி மையத்துக்கு வரவைக்க இன்னும் சில வாரங்கள் பிடித்தன. முத்துலட்சுமி அக்காதான் கொண்டுவந்து சேர்த்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி இருபத்தொரு நாள். இந்த முறை சாத்தூர்க் கூட்டம், புதன்கிழமை ஏழு மணி. பிரஸ் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டிலேயே நின்று அழைத்துப் போவதாகச் சொன்னார். நின்றார். மூன்று புதன்கிழமை நின்றார். தங்கப்பாண்டி அண்ணன் வரவில்லை.

எனக்கு ஆத்திரம். இத்தனை பஸ் ஏறித் தேடிய கூட்டம், காத்து நிற்கிற மனிதர், எல்லாம் இருந்தும் வராதவரை என்ன செய்வது? லீவு போட்டுவிட்டு, நன்றாக நாலு வார்த்தை கேட்பதற்காகவே ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். வீட்டில் முத்துலட்சுமி அக்கா இருக்க மாட்டார், இவரும் வேலையில் இருப்பார், மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால், ஈரத் தலையோடு எதிரே வந்துகொண்டிருந்தார்.

“என்னண்ணே, வேலைக்குப் போகலையா?”

“போய்ட்டு வந்துட்டேன் தாயி.”

“இப்ப மணி பத்தே முக்கால்தான ஆகுது?”

“மருந்துக்காரனுக்கு இம்புட்டுத்தான் நேரம். வெயில் ஏறுறதுக்குள்ள கலக்கி முடிச்சுரணும். விடியத் தொடங்குனா பத்து, பத்தரைக்கெல்லாம் கையக் கழுவிருவோம். மத்தவுகதான் சாயங்காலம் வரைக்கும்.”

நான் கேட்க வந்ததைக் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார். 

“கடை பன்னெண்டுக்குத் தெறக்கும். ஒங்க கூட்டம் ஏழு மணிக்கு. நடுவுல ஏழு மணி நேரம். வீட்டுல ஒருத்தரும் கெடையாது, பள்ளிக்கூடம் போன புள்ளைக நாலரைக்குத்தான் வரும். நெஞ்சுல மருந்துப் பொடி கரகரங்குது. ஒரு கட்டிங் போட்டாத்தான் பொடி எறங்கும்னு கூட வேலை பாக்குறவன் எல்லாம் சொல்றான். நான் ஏழு மணி வரைக்கும் எங்கன போய் நிக்க? ஒங்க கூட்டத்துக்கு வரணும்னு ஒவ்வொரு புதங்கெழமையும் நெனைக்கிறேன். நெனைக்கிறப்ப மணி ஒண்ணு ஆயிருது. அதுக்கு மேல நெனைக்கிறது நான் இல்ல.”

இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பட்டாசு வேன்களின் ஹாரன் சத்தத்துக்கு எழுந்து பள்ளிக்கூடம் போனவள். ஆனால் எனக்குத் தெரிந்த வேலை நேரம் அம்மாவின் வேலை நேரம்: இருட்டுகிற வரை லேபிள். எல்லோரும் மாலையில்தான் வீடு திரும்புவார்கள் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். செல்வின் சார் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாததில் வியப்பில்லை. எனக்குத் தெரியாதது வெட்கம். மிக ஆபத்தான வேலையைச் செய்கிறவர்கள், மிக அதிகமாகக் குடிக்கிறவர்கள், ஊர் முழுக்க வேலையில் இருக்கும்போது சும்மா இருப்பவர்கள், மூவரும் ஒரே ஆட்கள். அவர்களுக்கு நாங்கள் மாலை ஏழு மணியைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வெட்கப்பட்டேன். அதற்காக வேலையை விடவில்லை. நேராக சிவகாசிக்குப் பஸ் ஏறி, அச்சக வாசலில் பிரஸ் அண்ணாச்சியைப் பிடித்தேன்.

“பகல்ல கூட்டமா? எவன் வருவான்?”

“பகல்ல குடிக்கிறவுக வருவாக அண்ணாச்சி.”

அவர் கையிலிருந்த காகிதத் தூசியைத் தட்டிவிட்டார். பிறகு, வாரத்தில் மூன்று நாள் மாலை ஷிப்டு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டார், கிடைத்தது. செல்வின் சார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“நாடு முழுக்க சாயங்காலம்தான் நடக்கு. அவங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும்ல?”

“நாடு முழுக்க மருந்து கலக்கல சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

இடம் கிடைத்தது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். சமுதாயக்கூடம் சரிப்படாது, ஊரே பார்க்கும். அவர்கள் ஊர்ப் பக்கமே ஒரு தீப்பெட்டி ஆபீசில் மூடிக் கிடந்த லேபிள் ஒட்டும் அறையை, அதன் உரிமையாளரான ஒரு டீச்சர் கொடுத்தார். வேலைக்காரர்கள் தீப்பெட்டி ஆபீசுக்குள் நுழைந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். திங்கள், வியாழன், சனி. பதினொன்றரை மணி. கலவை அறை மூடி, மதுக்கடை திறப்பதற்கு முன்னால் உள்ள அந்த இடைவெளியில்.

முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். வாசலில் யாரும் சொல்லாமலே செல்போன், பீடிக்கட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். கம்பெனி கேட்டில் தினமும் செய்து பழகிய கைகள். தங்கப்பாண்டி அண்ணன் உள்ளே காலை வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“ஏலே, நீயா? இங்கன என்னலே பண்ற?”

“நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்.”

“காய்ச்சல்னு சொன்ன?”

“நீ கூடத்தான் மச்சினன் வீட்டுக்குப் போறேன்னு சொன்ன. ஒன் மச்சினன் வீடு இதுவா?”

ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து மருந்து கலக்குகிற இருவர். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்திருந்தார்கள். பிரஸ் அண்ணாச்சி கதவைச் சாத்தினார். கருப்பட்டிக் காப்பித் தூக்குச்சட்டியை அவரிடம் நீட்டியதோடு என் வேலை முடிந்தது. வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய், பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை அடித்தது. ஒரு மணிக்குக் கதவு திறந்தது. வெளியே வந்த நான்கு பேரும் கடை இருக்கிற திசைக்குப் போகவில்லை. பார்த்தது.

நான்கு ஏழானது. சில வாரம் மூன்றாகவும் குறைந்தது. தங்கப்பாண்டி அண்ணன் இரண்டு முறை வழுக்கினார், இரண்டு முறையும் அடுத்த கூட்டத்துக்கு வந்தார். இது சாதனைப் பட்டியல் அல்ல, அதனால் சொல்கிறேன்.

ஐந்தாவது வருடம் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிறவர்களில் பட்டாசு முதலாளிகளும் உண்டு. பகல் கூட்டத்தைப் பற்றி அவர்களில் யாரோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்களின் பெயர் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. செல்வின் சார் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

“இதை நான் அவங்களுக்காகச் சொல்லல. எனக்கே தோணுது. மருந்து கலக்குறவர் ஒருத்தர் குடிக்கிறார்னு நமக்குத் தெரியுது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கோம். நாளைக்கு ஒரு ஷெட் வெடிச்சா, உங்களால தூங்க முடியுமா?”

நியாயமான கேள்வி.  முத்துலட்சுமி அக்கா பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கேள்வியை நான் பிரஸ் அண்ணாச்சியிடம் சொன்னேன், அவர் கூட்டத்தில் வைத்தார். வெளியே வந்து பதில் சொன்னது தங்கப்பாண்டி அண்ணன்.

“பேரு போச்சுன்னா வேலை போகும். வேலை போனா கடைக்குப் போவோம். கடைக்காரன் எவனும் பேரு கேக்க மாட்டான் தாயி.”

“அண்ணே, சார் கேக்குறது அது இல்ல. நடுங்குற கையோட ஒருத்தர் உள்ள போனா?”

“அதுக்கு நாங்க ஒண்ணு பேசியிருக்கோம். மொத நா குடிச்சவன் மறுநா மருந்து ரூமுக்குள்ள கால வைக்க மாட்டான். காய்ச்சல்னு சொல்லிட்டு, மருந்து இல்லாத எடத்துல வெத்துக் காகிதக் குழாய் உருட்டப் போயிருவான். அவன் போகலைன்னா எதுத்தாப்புல உக்காந்துருக்கவன் எந்திரிச்சு வந்துருவான். ரெண்டு பேரு இல்லாம ரூம்பு ஓடாது. போன மாசம் நானே ஒரு நா குழாய் உருட்டுனேன். ஒங்க சாருகிட்டச் சொல்லுங்க.”

கேட்டு முடித்ததும் இன்னொன்றையும் செய்தேன். முத்துலட்சுமி அக்காவிடம் போய், “ஒங்களுக்கு இது போதுமாக்கா?” என்று கேட்டேன். உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவர் அவர்தானே.

“போன மாசம் அவரு குழாய் உருட்டுன அன்னைக்கு நான் பாத்தேன். போதும்” என்றார்.

செல்வின் சாரிடம் சொன்னேன். “இது எழுத்துல இல்லையே” என்றார். நிர்வாகத்துக்கு அது போதவில்லை. மாத அறிக்கைப் படிவத்தில் ‘பயனாளிகளின் பெயர்’ என்று ஒரு புதிய பத்தி சேர்ந்தது. நான் அதில் ‘ஏழு பேர்’ என்று எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி ‘ஏழு பேர்’ என்று எழுதினேன். மூன்றாவது முறை படிவத்தோடு என் ராஜினாமாவையும் வைத்தேன்.

வீட்டில் பெரிய சண்டை. “மாசச் சம்பளத்தை விட்டுட்டு எவன் பேரையோ காப்பாத்தப் போறியா?” என்றார் அம்மா. “ஆமா” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதேதான். பெயர் கொடுத்திருந்தால் அந்த அறை ஒரே வாரத்தில் காலியாகியிருக்கும். குடிக்கிற கைகள் மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை நானும்தான் சொல்கிறேன். படிவத்தில் பெயர் எழுதினால் பாதுகாப்பு வந்துவிடாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் எழுந்து வந்தால் வரும்.

செல்வின் சார் என் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டார். அவர் கூட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. முகவரியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டிருக்கிறார். அவரால் முடிந்தது அது. இடமும் இப்போது மாறிவிட்டது. தங்கப்பாண்டி அண்ணன் இன்னும் மருந்து கலக்குகிறார். எத்தனை நாளாகக் குடிக்கவில்லை என்பதை நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். நான் இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். மேசையும் நாற்காலியும் உள்ள வேலை. பஸ்ஸை விடவில்லை.

ஏனென்றால் முத்துலட்சுமி அக்கா ஒரு நாள் என்னைத் தேடி அச்சகத்துக்கே வந்தார்.

“எங்க ஷெட்டுல ஒருத்தி இருக்கா. தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சுக் குடிக்கிறா. இன்னொருத்தியும் இருக்கான்னு சொல்றாக. அவளுகளை நான் எங்கன கூட்டிட்டுப் போக?”

“பதினொன்றரைக் கூட்டத்துக்கு யாரு வேணாலும் வரலாமேக்கா.”

“அம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல, பக்கத்து ரூம்புல வேலை பாக்குறவனுக்கு முன்னாடி, அவ வாயத் தெறப்பாளா? நீங்க தெறப்பீகளா?”

மாட்டேன். சுற்றுவட்டாரத்தில் எத்தனை பட்டியல் கிடைக்குமோ அத்தனையும் பார்த்தேன். பெண்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. மதுரைப் பக்கத்தில் குடியை விட்ட ஓர் அம்மாவைப் பிரஸ் அண்ணாச்சி வழியாகக் கண்டுபிடித்தேன், வருகிறேன் என்றார். ஓர் ஊரில் தையல் கடையின் உள்ளறை கிடைத்தது. ஊரைச் சொல்ல மாட்டேன். இந்த முறை, நேரத்தை நான் முடிவு செய்யவில்லை. அவர்களையே கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமை காலையில. கறி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துரலாம். கறிக்கடையில எப்பவும் கூட்டம், லேட்டானா யாரும் கேக்க மாட்டாக.”

இதை எழுதினால் வீட்டுக்காரர்கள் படித்துவிட மாட்டார்களா என்று கேட்டதற்கு, “எழுதிக்கோங்க. அடுத்த மாசத்துக்கு வேற சாக்கு வச்சிருக்கோம்” என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. மூன்று பேர் உள்ளே போனார்கள். மதுரையிலிருந்து வந்த அம்மா கதவைச் சாத்தினார். கறி வாங்க அவர்கள் கொண்டுவந்திருந்த மூன்று தூக்குச்சட்டிகளையும் வாங்கிக்கொண்டு நான் கறிக்கடை வரிசையில் போய் நின்றேன்.